குறுங்காடு வாடும்போது எங்கே தோண்டிப் பார்ப்பது?

நகரத்தில் ஒரு மரம் வாடினால் நம் கை முதலில் தண்ணீர்க் குழாய்க்குப் போகிறது, அடுத்து உர மூட்டைக்கு. தென்சென்னையில் எங்கள் மனைப்பிரிவின் பூங்கா நிலத்தில் ஒரு குறுங்காட்டைப் பதினோரு ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். தண்ணீரும் உரமும் பாதி நேரம் நோயைத்தான் வளர்த்திருக்கின்றன. இலையில் இன்று தெரிகிற வாட்டத்துக்கான காரணம் பெரும்பாலும் இரண்டு மூன்று மழைக்காலங்களுக்கு முன்னால், மண்ணுக்கடியில் நடந்து முடிந்திருக்கும். ஆகவே அறிகுறியைப் பார்த்து, அதிலிருந்து பின்னோக்கிப் போகும்படி இதை எழுதுகிறேன். உங்கள் நிலத்தில் காண்பது எதுவோ, நேராக அந்தத் தலைப்புக்குப் போய்ப் படிக்கலாம்.

கையில் வேண்டியவை: ஒரு கடப்பாரை, மூன்றடி நீளத்தில் எட்டு மி.மீ. இரும்புக் கம்பி, அளவுநாடா, கவாத்துக் கத்தரி, ஒரு நோட்டு. நோட்டில் ஒவ்வொரு மரத்துக்கும் ஓர் எண், நட்ட மாதம், மார்பு உயரத்தில் சுற்றளவு. தையிலும் ஆடியிலும் அதே இடத்தில் நின்று எடுத்த படம் ஒவ்வொன்று. தோட்டக்காரர் மாறுவார், சங்கச் செயலாளர் மாறுவார். மரத்தின் வரலாறு நோட்டில் மட்டும்தான் தங்கும்.

இரண்டு ஆண்டுகள் செழித்த கன்று மூன்றாம் கோடையில் காய்கிறது

மிக அடிக்கடி வரும் புகார் இது. பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்த அடுத்த சித்திரையில்தான் பெரும்பாலும் வரும்.

தண்டை மார்பு உயரத்தில் பிடித்து மெல்ல ஆட்டுங்கள். தண்டு வளைவதற்கு முன் அடிமண் அசைந்தால், வேர் தன் குழியை விட்டு வெளியே போகவேயில்லை. அடுத்து, தண்டு மண்ணைத் தொடும் இடத்தைப் பாருங்கள். நல்ல மரம் அடியில் யானைக்கால்போல விரிந்து மண்ணுக்குள் இறங்கும். மின்கம்பம் நட்டதுபோல நேராக இறங்கினால் கன்றை ஆழமாகப் புதைத்திருக்கிறார்கள். இரண்டில் எது தெரிந்தாலும் அரையடி தோண்டுங்கள்.

நாங்கள் அப்படித் தோண்டிய ஒரு மகிழங்கன்றைச் சொல்கிறேன். நட்டு மூன்றரை ஆண்டு ஆகியிருந்தது. வேர்ப்பந்து நாற்றங்கால் பையின் உருவத்திலேயே இருந்தது, அடிப்பக்கம் தட்டையாக, ஒரு டம்ளரைக் கவிழ்த்து எடுத்ததுபோல. சுண்டுவிரல் தடிமனில் ஒரு வேர் நான்கு சுற்றுச் சுற்றித் தண்டின் கழுத்தையே நெரித்திருந்தது. வாளித் தண்ணீரில் கழுவியபோது கறுப்புப் பாலித்தீன் துண்டு ஒன்று அந்த வேருக்குள் பதிந்து, இழுத்தாலும் வராமல் நின்றது. நடவு செய்த ஒப்பந்தக்காரரின் ஆட்கள் பையைக் கிழிக்காமலே குழியில் இறக்கியிருக்கிறார்கள். மேலே அந்தக் கன்று ஆறடி உயரம், பளபளக்கும் இலை. சொட்டுநீர் வந்துகொண்டிருந்தவரை ஒருவருக்கும் தெரியவில்லை.

இதற்கு மருந்து நடவு நாளிலேயே இருக்கிறது. பையை முழுதாகக் கிழித்து எடுத்து, வேர்ப்பந்தின் பக்கங்களில் மூன்று இடத்தில் கத்தியால் மேலிருந்து கீழாகக் கீறி, அடியில் சுருண்ட அரை அங்குலத்தை வெட்டி எறியுங்கள். நட்டுவிட்ட கன்றானால், தண்டு கட்டைவிரலைவிட மெல்லியதாக இருக்கும்போது பிடுங்கி வேறு நடுவதே நல்லது. அதைவிடப் பெரியது என்றால் புரட்டாசியில், மழைக்கு முன்னால், கழுத்தைச் சுற்றி மண்ணை விலக்கி, நெரிக்கும் வேரை மட்டும் வெட்டுங்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே ஆண்டில் வெட்ட வேண்டாம்.

வேர் சுருளாமல், குழியின் சுவரோடு நின்றிருந்தால் காரணம் நிலம். தமிழ்நாட்டில் 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் 10 விழுக்காடு திறந்தவெளிக்கு ஒதுக்க வேண்டும்; அந்தப் பத்து விழுக்காட்டில்தான் கட்டட இடிபாடுகளையும் கொட்டி மேலே செம்மண் பரப்பிவிடுகிறார்கள். எங்கள் நிலத்தில் முக்காலடிக்குக் கீழே செங்கல்லும் சிமெண்ட் கட்டியும் டைல்ஸ் சில்லும்தான். அந்த நிலத்தில் வெட்டிய குழி ஒரு தொட்டி. தொட்டி நிறைந்ததும் வேர் நின்றுவிடும். மழை பெய்த மறுநாள் இரும்புக் கம்பியை உள்ளங்கையால் அழுத்துங்கள். ஓரடி இறங்க வேண்டும். நான்கு விரற்கடையில் நின்றுவிட்டால், மரத்தைச் சுற்றி இரண்டடிக்கு ஒன்றாக, கடப்பாரையால் ஒன்றரையடி ஆழத் துளைகள் போட்டு மக்கிய எருவால் நிரப்புங்கள். பிறகு தரையெங்கும் நான்கு அங்குல இலைமூடாக்கு, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி. அதன்மேல் யாரும் நடக்கக் கூடாது. மண்புழு வேலையைத் தொடங்க ஒரு முழு மழைக்காலம் ஆகும். அதை விரைவுபடுத்த வழி ஏதும் நான் கண்டதில்லை.

வேர் நன்றாகவும் மேலோட்டமாகவும் இருந்தால் தண்ணீர் பழக்கம்தான் காரணம். சென்னையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மி.மீ. மழை, அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. மாசி முதல் வைகாசி வரை மரம் ஆழத்திலிருந்துதான் குடிக்க வேண்டும். தினம் ஒரு குவளை ஊற்றி வளர்த்த மரத்துக்கு ஆழம் தெரியாது. முதல் கோடையில் இரண்டு நாளுக்கு ஒருமுறை, இரண்டாம் கோடையில் வாரம் ஒருமுறை மும்மடங்கு நீர், மூன்றாவதில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை. பாத்தியையும் ஆண்டுதோறும் தண்டிலிருந்து ஓரடி வெளியே தள்ளிப் போடுங்கள். ஒப்பந்தம் முடியும் மாதத்தில் குழாயை ஒரேயடியாக மூடுவது, பால்குடி மறக்காத பிள்ளையைத் தெருவில் விடுவதற்குச் சமம்.

காடு அடர்ந்துவிட்டது, உள்ளே எல்லாம் குச்சிகள்

ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கியின் முறையில் ஒரு சதுர மீட்டருக்கு மூன்று, நான்கு கன்றுகள் நடுகிறார்கள். சென்னை மாநகராட்சி 2020-இல் கோட்டூர்புரத்தில் அப்படி ஒரு காட்டை உருவாக்கிய பின் நகரெங்கும் பரவியது. எங்கள் நிலத்திலும் ஒரு மூலையை அடுத்த ஆண்டு அப்படி நட்டோம். இந்த முறையின் மையம் நெருக்கம் என்றே பலர் நினைக்கிறார்கள். அந்த மண்ணில் மனிதன் கைவைக்காவிட்டால் என்ன காடு நின்றிருக்குமோ, அதன் இனங்களைத் தேடி நட வேண்டும் என்பதே மியாவாக்கி வலியுறுத்தியது. கொய்யா, முருங்கை, செம்பருத்தி என்று கிடைத்ததையெல்லாம் நெருக்கி நட்டால் அது அடர்ந்த தோட்டம்தான்.

கணக்கைப் பாருங்கள். ஆயிரம் சதுர அடி என்பது 93 சதுர மீட்டர். கன்றுகள் சுமார் 280. ஒரு முதிர்ந்த நாவல் எட்டு மீட்டர் விட்டத்துக்குக் கிளை பரப்பினால் அது மட்டுமே 50 சதுர மீட்டரை மூடும். ஆக, ஐம்பது ஆண்டு கழித்து அந்த ஆயிரம் அடியில் இரண்டு பெரிய மரங்களுக்குத்தான் மேல்விதானத்தில் இடம். மற்றவை கீழ் அடுக்கில் நிற்க வேண்டும் அல்லது மடிய வேண்டும். எவை என்பதை நாம் தீர்மானிக்காவிட்டால் வேகமாக வளர்வது தீர்மானிக்கும்.

சோதனை எளிது. உயரத்தை மார்பு உயரத்தில் உள்ள விட்டத்தால் வகுங்கள், இரண்டையும் ஒரே அலகில் வைத்து. சுற்றளவு 25 செ.மீ. என்றால் விட்டம் 8 செ.மீ.; மரம் 8 மீட்டர் உயரம் என்றால் விகிதம் 100. எண்பதைத் தாண்டினாலே மரம் அண்டை மரத்தில் சாய்ந்துதான் நிற்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே, நடுப்பகலில் காட்டுக்குள் நின்று தரையைப் பாருங்கள். ஒரு வெயில் பொட்டுகூட விழவில்லை, தண்டுகளில் தலைக்கு மேல்தான் இலை என்றால் சில மரங்களை எடுத்துக் கலைக்கும் நேரம் வந்துவிட்டது. எங்கள் மூலையில் நான்காம் ஆண்டில் வந்தது.

தை, மாசியில் செய்யுங்கள். முதலில் செத்தவை, முறுக்கியவை. அடுத்து, மெதுவாக வளரும் நல்ல மரத்தின் தலைமேல் கவிந்து நிற்கும் வேகக்காரர்கள். பாலை, வீரை, இலுப்பை, மகிழம், காசான் இவை ஓரடி உயரத்தில் தவித்துக்கொண்டிருக்கும். அவற்றைத் தேடி எடுத்து, அவற்றுக்கு மேல் வானத்தைத் திறந்துவிட வேண்டும். நான்கில் ஒன்றுக்கு மேல் ஒரே ஆண்டில் எடுக்காதீர்கள், மீதமுள்ள ஒல்லித் தண்டுகள் காற்றில் படுத்துவிடும். விளிம்பு வரிசையைத் தொடவே வேண்டாம். அது காற்றைத் தாங்கிப் பழகியது. வெட்டிய கட்டையை அங்கேயே அடுக்கி விடுங்கள், கரையானுக்கும் வண்டுக்கும் அரணைக்கும் அது வீடு.

பொது நிலமானால் மாநகராட்சிப் பூங்காத் துறைக்கும் மாவட்டப் பசுமைக் குழுவுக்கும் எழுதி அனுமதி வாங்கிவிட்டே ரம்பத்தை எடுங்கள். குடியிருப்போருக்கும் ஒரு மாதம் முன்னதாகவே சொல்லுங்கள். எடுக்கப்போகும் மரத்தில் வெள்ளை நாடா, வாழப்போகும் மரத்தில் சிவப்பு நாடா கட்டி, ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறவர்களை அழைத்துக் காட்டினோம். எதிர்த்து வந்த ஓர் அம்மா, நிழலில் முடங்கிக் கிடந்த இலுப்பைக் கன்றைக் கண்டதும் குனிந்து தொட்டுப் பார்த்துவிட்டு, "இதுக்கு முதல்ல வெளிச்சம் விடுங்க" என்றார்.

புயலில் மரம் விழுந்தது

எப்படி விழுந்தது என்பதைப் பார்க்காமல் துண்டு போடாதீர்கள். விழுந்த மரம் மற்ற மரங்களைப் பற்றிப் பேசுகிறது. 2016 டிசம்பர் 12-இல் வர்தா சென்னையைக் கடந்த மறுநாள் எங்கள் தெருக்களில் நடந்து, மூன்று வகை வீழ்ச்சியைப் பார்த்தேன்.

முதலாவது, வேர்த்தட்டோடு பெயர்ந்து கிடப்பது. தட்டின் விளிம்பைச் சுற்றி வாருங்கள். ஒரு பக்கம் வேர் கிழிந்து நாராக நிற்கும்; இன்னொரு பக்கம் கத்தியால் வெட்டியதுபோல மழுங்கி, பழைய காயமாகக் கறுத்திருக்கும். மழுங்கிய பக்கத்தில் வடிகாலோ கேபிள் பள்ளமோ எந்த ஆண்டு தோண்டினார்கள் என்று விசாரியுங்கள். அதே வரிசையில் நிற்கும் எல்லா மரங்களுக்கும் அதே வெட்டு இருக்கிறது. அவற்றின் தலைச்சுமையை அடுத்த மழைக்கு முன் கவாத்துச் செய்து குறைத்தாக வேண்டும். தண்டைச் சுற்றிய கான்கிரீட்டையும் உடைத்து எடுங்கள். 2013-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டெல்லி மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்துக்குள் கான்கிரீட் கூடாது என்று உத்தரவிட்டது. பெரிய மரத்துக்கு ஒரு மீட்டரும் போதாது, ஆனால் பல தெருக்களில் ஒரு சாண்கூட இல்லை.

இரண்டாவது, தண்டு நடுவில் முறிவது. முறிந்த வாயில் வைரம், அதாவது நடுக்கட்டை, பழுப்புத் தூளாக உதிர்ந்தால், அழுகல் பல ஆண்டு பழையது. அது நுழைந்த வாசல் பெரும்பாலும் மின்கம்பிக்காகக் கிளையை மொட்டையடித்த காயம், அல்லது விளம்பரப் பலகை அடித்த ஆணி. கிளையை வெட்டும்போது, தண்டோடு சேரும் இடத்தில் உள்ள வீங்கிய வளையத்தை விட்டு, அதற்குச் சற்று வெளியே வெட்டுங்கள். கனமான கிளையானால், ஓரடி தள்ளி அடியிலிருந்து கால்வாசி, பிறகு சற்று வெளியே மேலிருந்து முழுதாக, கடைசியில் எஞ்சிய முளையை வளையத்தையொட்டி. அப்போது பட்டை உரிந்து தொங்காது. தார் பூச வேண்டாம், மரம் தன் காயத்தைத் தானே மூடிக்கொள்ளும்.

மூன்றாவது, கவைக்கிளை பிளப்பது. இரண்டு தண்டும் சம தடிமனில் கூர்மையான கவையாகப் பிரிந்து, நடுவில் பட்டை மடிந்து உள்ளே போயிருந்தால் அது பிளக்கும். ஐந்தாம் வயதில் ஒன்றை நீக்கினால் ஒரு நிமிட வேலை. முப்பதாம் வயதில் கிரேன் வேண்டும்.

வர்தாவில் குல்மோகரும் இயல்வாகையும் தூங்குமூஞ்சியும் ஏராளமாக விழுந்தன. அயல் மரங்கள்தான் குற்றவாளி என்று அன்று எல்லோரும் பேசினார்கள். குல்மோகர் எளிதில் முறியும் மரம், உண்மை. ஆனால் வேர் ஓட இடம் இல்லாத நடைபாதையில் எங்கள் தெரு வேம்பும் சாய்ந்தது. வேருக்கு இடம் இருக்கிறதா என்று பார்த்த பிறகு இனத்தைப் பேசலாம். சாய்ந்த எல்லாமே செத்ததும் ஆகாது: அடையாறு ஆலமரத்தின் அடிமரம் 1989-இல் புயலில் விழுந்தது, விழுதுகள் தாங்கி மரம் இன்றும் நிற்கிறது. இளமரம் சாய்ந்திருந்தால் வேரை ஈரச்சாக்கால் மூடி, உடைந்த கிளையை நீக்கி, ஓரிரு நாளுக்குள் நிமிர்த்துங்கள்.

வேம்பின் நுனிகள் பழுப்பாகக் கருகுகின்றன

மழைக்காலத்திலும் பனியிலும் வேம்பு முழுவதும் தீ பட்டதுபோலத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். தேயிலைக் கொசு என்னும் பூச்சி இளந்தளிரை உறிஞ்சுகிறது, அந்தக் காயத்தில் பூஞ்சை ஏறுகிறது. அண்மை ஆண்டுகளில் தமிழகத்திலும் தெலங்கானாவிலும் பரவலாக வந்தது இதுவே. மாசி, பங்குனியில் பெரும்பாலும் துளிர்த்துவிடும். சிறு மரமானால் காய்ந்த நுனிகளை ஓரங்குலம் பச்சையோடு சேர்த்து வெட்டி அகற்றுங்கள். செத்துவிட்டது என்று கோடரி எடுத்தவர்களை நான் தடுத்திருக்கிறேன். அந்த வேம்பு இப்போது பூத்திருக்கிறது.

ஐப்பசியில் இலை மஞ்சளாகிறது

தண்ணீர் வடியவில்லை. ஓரடிக் குழி வெட்டி நிரப்பி, வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். இரண்டாம் முறை மணிக்கு ஓரங்குலம்கூட இறங்காவிட்டால் அது பள்ளம், பள்ளத்து மரம்தான் அங்கே வாழும்: நீர்மருது, புங்கம், நாவல், பூவரசு. ஏற்கெனவே நட்ட மகிழம் போன்றவற்றை முக்காலடி மேட்டுப்பாத்திக்கு மாற்றுங்கள்.

"இருட்டாக இருக்கிறது, பாம்பு வருகிறது, வெட்டிவிடுங்கள்"

இதையும் நோயாகவே எடுத்துக்கொள்ளுங்கள், மரத்தைக் கொல்வதில் மற்ற எல்லாவற்றையும்விட வேகமானது. மனு போடுகிறவர்கள் காட்டின் எதிரிகள் அல்லர், பயந்தவர்கள். மாலை ஆறரை மணிக்கு, மனு கொடுத்தவரையே கூட அழைத்துக்கொண்டு பாதையில் நடங்கள். எந்த இடத்தில் அவர் நடை தயங்குகிறதோ அங்கே நின்று, கண்ணுக்கு எது மறைகிறது என்று பாருங்கள். பாதையின் இருபுறமும் ஆறடி அகலத்துக்குப் புதர் மூன்றடிக்குக் கீழே, கிளை ஏழடிக்கு மேலே இருக்கட்டும். காட்டின் உட்புறத்தை அப்படிச் செய்யாதீர்கள், அங்கே அடர்த்திதான் உயிர். விளக்கு வேண்டுமானால் இடுப்பளவு உயரத்தில், பாதையைப் பார்த்து. உயர்கோபுர விளக்கு காட்டையே பகலாக்கி வௌவாலை விரட்டிவிடும். புன்னைக்கும் இலுப்பைக்கும் விதை பரப்புவது அதுதான்.

பாம்பு எலிக்காக வருகிறது, எலி சமையல் கழிவுக்காக வருகிறது. வேலியோரம் யார் வீட்டுக் குப்பை விழுகிறது என்பதைக் கண்டுபிடித்து நிறுத்தியபின் எங்களுக்கு அந்த மனு மறுபடி வரவில்லை.

தரையில் ஒரு நாற்றுகூட முளைக்கவில்லை

மரங்கள் எல்லாம் நன்றாக இருக்கும், படம் எடுத்தால் அழகாக இருக்கும், ஆனால் அடியில் வெறும் தரை. இந்த அறிகுறியை யாரும் புகாராகச் சொல்வதில்லை, எனக்கு இதுதான் தூக்கத்தைக் கெடுப்பது. ஒரே நாளில் நட்ட மரங்கள் ஒரே காலத்தில் முதிர்ந்து ஒரே புயலில் விழும். அடுத்த தலைமுறை அடியில் நிற்க வேண்டும். கிண்டி தேசியப் பூங்கா 2.7 சதுர கிலோமீட்டர்தான். அங்கே எஞ்சியிருக்கும் சோழமண்டலக் கரையின் உலர் பசுமைமாறாக் காட்டை வருடா வருடம் ஒருவரும் நடவில்லை.

காரணம் பெரும்பாலும் துடைப்பம். தினமும் சருகைக் கூட்டி எரித்தால் விதையும் போகிறது, ஈரமும் போகிறது. பாதையை மட்டும் கூட்டுங்கள், சருகைக் காட்டுக்குள் தள்ளுங்கள். வெறும் தரைக்குப் பதில் சவுண்டலும் சீமைக்கருவேலமும் மட்டும் முளைத்தால் மேலே வெளிச்சம் மிகுதி என்று பொருள். அவற்றை விரலளவில், மழைக்கு மறுநாள் வேரோடு பிடுங்குங்கள். வெட்டினால் இரட்டிப்பாகத் துளிர்க்கும். சவுண்டல் விதை மண்ணில் பல ஆண்டு காத்திருக்கும், ஆகவே மூன்று நான்கு மழைக்குப் பிறகும் இந்த வேலை இருக்கும். வேலியோரத்தில் கோனோகார்ப்பஸ் என்னும் அயல் செடி நின்றால் அதை எடுத்துவிட்டு நுணா, வெட்பாலை, காட்டெலுமிச்சை வையுங்கள். அந்தச் செடியை நடுவதற்குத் தமிழக அரசே 2025-இல் தடை விதித்துவிட்டது.

விதை கொண்டுவருவது பறவையின் வேலை, நம்மால் ஆவது அதற்கு உட்கார இடம் வைப்பதுதான். இரண்டு வெறும் மூங்கிலைக் குறுக்குக் கட்டையோடு நட்டுவைத்தோம். குயிலும் கொண்டைக்குருவியும் மைனாவும் வந்து உட்கார்ந்தன. போன கார்த்திகையில் அதன் அடியில் சருகை விலக்கியபோது, எச்சத்தின் நடுவே வேம்பு ஏழு, நுணா மூன்று, இன்னும் பெயர் தெரியாத ஒன்று, இரண்டு விதையிலை மட்டும் விரித்து நின்றன. தோட்டக்காரர் களைவெட்டியால் செதுக்கிவிடாமல் இருக்க, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு ஈர்க்குச்சியைக் குத்தி நுனியில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறோம். நோட்டில் அவற்றுக்கு 412 முதல் எண் கொடுத்திருக்கிறேன்.